சட்டத்தின் சொற்களில் சமய ஒழுக்கம்: ஒரு மொழியியல் திறனாய்வு

சமய ஒழுக்கம் ஒரு சமுதாயத்தின் சட்டங்களுக்கு வடிவம் தரலாமா என்னும் வினாவை மெய்யியலாரும் சட்ட வல்லுநரும் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். மொழியியலாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சட்டம் சொற்களால் இயங்குவது. சமயக் கருத்து சட்டத்திற்குள் நுழைவதும் சொற்களின் வாயிலாகவே. நுழைந்த பின்னர் அது தன் பழைய பெயரோடு இருப்பதும் அரிது. எனவே, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, வந்த இடத்தில் எதை மறைக்கிறது என்று பார்ப்பது இவ்வினாவின் ஓரத்தில் நிற்கும் ஆராய்ச்சி அன்று. அதன் நடுவிடமே என்பது என் கருத்து.

இவ்வினாவுக்கு 'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லைக் கொண்டே விடை கூறியவர் யூர்கன் ஹாபர்மாஸ். சமயப் பற்றுடைய குடிமக்கள் பொதுவெளியில் தம் சமய மொழியிலேயே பேசலாம். ஆனால் நாடாளுமன்றம், நீதிமன்றம், ஆட்சித்துறை ஆகியவற்றின் வாயிலைக் கடக்கும்போது அக்கருத்து அனைவருக்கும் விளங்கக்கூடிய பொது மொழிக்கு மாற்றப்பட வேண்டும் என்றார் அவர். 1997-இல் ஜான் ரால்ஸ் எழுதிய கட்டுரை ஒன்றிலும் இதனையொத்த நிபந்தனை உண்டு. உரிய காலத்தில் பொது நியாயங்கள் தரப்படுமாயின், சமய நியாயங்களும் அரசியல் விவாதத்தில் இடம்பெறலாம் என்பது அது. இருவர் கொள்கையும் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. எனினும் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இதில் ஒரு நெருடல் தோன்றாமல் இராது. மூலத்தின் பொருள் சேதமின்றிப் பெயர்ந்து வரும் என்றும், வந்ததா இல்லையா என எளிதில் அறியலாம் என்றும் இக்கொள்கை கருதிக்கொள்கிறது. நாம் அறிந்த மொழிபெயர்ப்பு அத்தகையது அன்று. சொற்கள் மாறியும் பொருள் மாறாத பெயர்ப்பும் உண்டு. பொருள் மாறியும் சொல் மாறாத பெயர்ப்பும் உண்டு. சட்ட வரலாற்றில் இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன.

முதல் வகைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 1860-இல் இயற்றப்பட்டு 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 'இயற்கையின் ஒழுங்கிற்கு எதிரான' உடற்சேர்க்கையைத் தண்டித்தது. பிரிவில் கடவுள் இல்லை; திருச்சபை இல்லை; பாவம் என்னும் சொல்லும் இல்லை. மேலெழுந்தவாரியாகப் படிப்போருக்கு இது உயிரியல் சார்ந்த ஒரு கூற்றாகவே தோன்றும். ஆனால் இத்தொடரின் பிறப்பு வேறு. இயற்கைக்கு எதிரான பாவம் என்பது இடைக்காலக் கிறித்தவ இறையியலில் வரையறுக்கப்பட்ட ஒரு பாவ வகை. தாமஸ் அக்குவினாஸ் அதனைக் காமம் சார்ந்த பாவங்களுள் ஒரு தனிவகையாக வைத்து விளக்கினார். இங்கிலாந்தில் இக்குற்றம் திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குள் இருந்தது. 1533-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அதனை அரசின் நீதிமன்றங்களுக்கு மாற்றியது. அதாவது குற்றத்தின் உள்ளடக்கம் அப்படியே இருக்க, விசாரிக்கும் மன்றம் மட்டும் மாறியது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அது இந்தியாவுக்கு வந்தபோது, தோற்றத்தில் சமயக் கலப்பற்ற உரைநடையாகிவிட்டிருந்தது.

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் தந்த வரைவிலும் இதற்கு இரு விதிகள் இருந்தன. மற்ற விதிகளுக்கெல்லாம் விளக்கங்களும் எடுத்துக்காட்டுகளும் தந்து, ஒவ்வொரு சொல்லையும் அளந்து எழுதிய அவ்வாணையம், இவ்விடத்தில் மட்டும் எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது எனக் கூறி ஒதுங்கியது. சொற்பொருள் ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் இது. வரையறுக்க மறுக்கும் சட்டம், வரையறை வேறெங்கோ முன்பே உள்ளது என நம்புகிறது. அந்த வேறிடம் எது என்பதை 1925-இல் சிந்து நீதிமன்றம் 'கானு' வழக்கில் வெளிப்படுத்தியது. உடற்சேர்க்கையின் இயற்கையான நோக்கம் கருத்தரிப்புக்கு வாய்ப்பளிப்பதே. அவ்வாய்ப்பில்லாதது இயற்கை ஒழுங்கிற்கு எதிரானது என்பது அத்தீர்ப்பின் வாதம். அக்குவினாசின் வாதமும் இதுவே. இறையியல் தன் பெயரை இழந்திருந்ததே தவிர, வாதத்தை இழக்கவில்லை.

தமிழில் இது இன்னும் ஒரு படி மறைந்தது. நம் செய்தித்தாள்களும் சட்ட நூல்களும் பெரும்பாலும் 'இயற்கைக்கு மாறான' என்றே எழுதின. 'ஒழுங்கு' என்னும் தலைமைச்சொல் விழுந்துவிட்டது. மூலத்தில் அச்சொல்லுக்கு அமைப்பு என்ற பொருளோடு ஆணை என்ற நிழற்பொருளும் உண்டு; ஒழுங்கை அமைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்ற குறிப்பு அதில் உள்ளது. தமிழில் இயற்கை என்பது செயற்கைக்கு எதிர்ச்சொல். பிணக்கூராய்வு அறிக்கைகள் தொடர்பாக நாம் படிக்கும் 'இயற்கைக்கு மாறான மரணம்' என்னும் தொடரில் எந்த ஒழுக்கத் தீர்ப்பும் இல்லை. அதே அடைமொழியைத் தாங்கிய குற்றமும் மருத்துவர் கூறும் ஓர் உண்மை போலவே தமிழ் வாசகருக்குத் தோன்றியது. மொழிபெயர்ப்பாளர் யாரும் வேண்டுமென்று செய்ததன்று இது. ஆயினும் ஒரு சமயத் தீர்ப்பை இயற்கையின் தீர்ப்பாகத் தமிழர் ஏற்றுக்கொள்ள அம்மொழிபெயர்ப்பு துணைநின்றது என்றே கூற வேண்டும்.

2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் இப்பிரிவைச் சுருக்கியதும், 2013-இல் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டதும், 2018 செப்டம்பர் 6 அன்று ஐவர் அமர்வு ஒருமனதாக, வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவை அதிலிருந்து விலக்கியதும் அனைவரும் அறிந்தவை. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு இணையான பிரிவே இல்லை.

இவ்விடத்தில் மொழியியலாருக்குப் பழக்கமான ஒரு கருவியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். வாக்கியத்தில் ஓர் உறுப்பை நீக்கினால் எஞ்சியது நிற்கிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். ஒரு சட்டத்தின் நியாயங்களிலிருந்து சமய நியாயத்தை மட்டும் நீக்கினால் சட்டம் நிற்குமா? 377-இல் அதனை நீக்கினால், மனமொத்த இருவரைத் தண்டிப்பதற்கு எந்த நியாயமும் எஞ்சவில்லை. 1829-இல் வங்காளத்தில் உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்த ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னுரை இரண்டு காரணங்களை அடுத்தடுத்து வைக்கிறது: இவ்வழக்கம் மனித இயல்பின் உணர்வுகளுக்கு அருவருப்பானது, இந்து சமயம் எங்கும் இதனைக் கட்டாயக் கடமையாக விதிக்கவில்லை. இரண்டாவதை நீக்கினாலும் முதலாவது தன்னந்தனியே அச்சட்டத்தைத் தாங்கும். எனில் இரண்டாவது ஏன் எழுதப்பட்டது? ஆள்வோருக்கு ஆளப்படுவோரின் சமய மொழியில் ஓர் ஒப்புதல் தேவைப்பட்டது. 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்துக்காக ஈசுவர சந்திர வித்தியாசாகர் பராசர ஸ்மிருதியைத் தேடிப்போனதும் இதனால்தான். அவர்தம் நல்லெண்ணத்தில் ஐயமில்லை, பயனும் பெரிது. ஆனால் ஒரு விலையும் இருந்தது. ஒரு பெண் உயிரோடிருக்கலாமா, மறுமணம் செய்யலாமா என்பது நூலில் என்ன எழுதியுள்ளது என்ற உரையாசிரியர் சண்டையாக மாறியது. பராசரர் வேறுவிதமாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் வினாவை அம்முறையால் எதிர்கொள்ள முடியாது.

இதே சிக்கல் நம் காலத்தில் ஒரே தீர்ப்பினுள் இரு மொழிகளாக வெளிப்பட்டது. 2017 ஆகஸ்டு 22 அன்று ஷாயரா பானு வழக்கில் ஒரே மூச்சில் கூறும் முத்தலாக்கினை உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. அம்மூவரும் ஒரே மொழியில் பேசவில்லை. நீதிபதி குரியன் ஜோசப், திருக்குர்ஆனில் தீயதாகக் கொள்ளப்பட்டது ஷரீஅத்தில் நல்லதாக இருக்க முடியாது. ஆகவே இறையியலில் தீயது சட்டத்திலும் தீயதே என்ற வழியில் சென்றார். நீதிபதிகள் நாரிமனும் லலித்தும் அது தன்னிச்சையானது, அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது என்றனர். முடிவு ஒன்று, இலக்கணம் இரண்டு. நீக்கல் சோதனைக்கு முதல் வழி தாங்காது. நாளை ஒருவர் வேறு உரையைக் காட்டி, இறையியலில் இது நல்லதே என நிறுவினால், பெண்ணின் உரிமை அவ்வுரையோடு போய்விடும். இரண்டாவது வழி அந்தப் பெண்ணைத் தன் சமயத்தை விட்டு வரும்படியும் கேட்கவில்லை. அதன் உரையாசிரியர்களை நம்பி இருக்கும்படியும் கேட்கவில்லை.

நீக்கல் சோதனை மட்டும் போதும் என நான் வாதிடவில்லை. பிரித்தானிய நீதிபதி டெவ்லின் 1959-இல் நிகழ்த்திய சொற்பொழிவு இச்சோதனையை எளிதாகக் கடந்துவிடும். சமயத்தைத் தனிமனிதர் தேர்வுக்கு விட்டுவிட்ட அரசு சமய நம்பிக்கையைச் சட்டத்தின் அடிப்படையாகக் கொள்ள இயலாது என அவரே ஒப்புக்கொண்டார். அதன் இடத்தில் சமுதாயத்தின் பொது ஒழுக்க உணர்வை வைத்தார். அது சிதைந்தால் சமுதாயமே சிதையும் என்றார். ஹார்ட் 1963-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடையளித்தார்: சமுதாயத்தின் ஒழுக்கம் மாறுவதும் சமுதாயம் அழிவதும் ஒன்றல்ல. எனக்கு ஹார்ட்டின் பக்கமே வலியதாகத் தோன்றுகிறது. பெரும்பான்மையினரின் அருவருப்பு சமயத்திலிருந்து பிறந்தாலும் வேறெங்கிருந்து பிறந்தாலும், அதனால் துன்புறுபவருக்கு வேறுபாடு இல்லை.

இனி நம் சொல்லாகிய 'ஒழுக்க'த்துக்கு வருவோம். அரசமைப்பின் 25ஆம் உறுப்பு சமயச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, மொராலிட்டி, நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்படுத்துகிறது. 19(2)-இலும் அச்சொல் உண்டு. தமிழில் ஒழுக்கம், ஒழுக்கநெறி, நன்னெறி, அறநெறி எனப் பலவாறு இதனைப் பெயர்க்கிறோம். ஆங்கிலச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பின் குழந்தை என்பது இங்கு நினைக்கத்தக்கது. கிரேக்க 'எதிகோஸ்' என்னும் சொல்லுக்கு நிகராக, வழக்கம் எனப் பொருள்படும் 'மோஸ்' என்பதிலிருந்து 'மொராலிஸ்' என்ற சொல்லை இலத்தீனில் படைத்தவர் சிசரோ. வழக்கமும் நெறியும் அச்சொல்லில் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டவை. நம் 'ஒழுக்க'மும் அவ்வாறே. ஒழுகுதல் என்பது நீர் ஓடுவதையும் மனிதர் நடப்பதையும் குறிக்கும்; எறும்பின் வரிசை எறும்பொழுக்கு. பழைய இலக்கண மரபில் களவொழுக்கம் என்பது பழிச்சொல் அன்று. ஒரு நடத்தை வகையின் பெயர். திருக்குறளில் ஒழுக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் அறத்தை வலியுறுத்த வேறோர் அதிகாரமும் இருப்பது, இரண்டும் ஒன்றல்ல என்ற உணர்வு தமிழுக்குப் பழையது என்பதைக் காட்டும்.

இன்றைய வழக்கிலோ அச்சொல் குறுகிவிட்டது. பள்ளி மாணவனின் ஒழுக்கம் என்றால் கட்டுப்பாடு. ஒரு பெண்ணின் ஒழுக்கம் என்றால் பாலுறவு ஒன்றே. ஆணுக்கு அச்சொல்லை நாம் அவ்வாறு பயன்படுத்துவது குறைவு. இப்படிச் சாய்ந்துவிட்ட சொல்லை அரசமைப்பின் பொதுச்சொல்லாக வைக்கும்போது, அச்சாய்வும் சட்டத்துக்குள் வருகிறது. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் 497ஆம் பிரிவு நீக்கப்பட்டபோது இதனைக் கண்கூடாகப் பார்த்தோம். மனைவியைக் கணவனின் உடைமை போல் நடத்தியது என்பதே அப்பிரிவின் மீதான முதன்மைக் குறை. கணவன் இசைந்தால் அங்குக் குற்றமே இல்லை. (மெக்காலேயின் 1837 வரைவில் இக்குற்றம் சேர்க்கப்படவில்லை; பின்வந்தோரே சேர்த்தனர். விக்டோரியாக் காலத்தவர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர்.) நீதிமன்றம் கூறியது சமத்துவம் பற்றி. நம் நாளிதழ்களின் வழக்கோ 'கள்ளக்காதல்', 'தகாத உறவு' என்பது. கள்ளம் என்று பெயரிட்டுவிட்டுக் குற்றமல்ல என்றால், வாசகருக்கு எஞ்சுவது நீதிமன்றம் ஒழுக்கக்கேட்டுக்கு உரிமம் வழங்கிவிட்டது என்ற எண்ணமே. மணவுறவுக்கு வெளியிலான பாலுறவு எனச் சற்று நீளமாக எழுதுவதால் தாள் வீணாகிவிடாது. அது மணமுறிவுக்குரிய காரணமாக உரிமையியல் சட்டத்தில் தொடர்கிறது என்பதையும் அப்போது விளங்கச் சொல்லலாம்.

'கான்ஸ்டிடியூஷனல் மொராலிட்டி' என்னும் தொடர் பற்றிச் சட்ட மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றில் அரைநாள் விவாதித்தது நினைவுக்கு வருகிறது. அரசமைப்பு ஒழுக்கம் என்றனர் சிலர். அரசமைப்பு அறம் என்றனர் வேறு சிலர். நான் அன்று முன்னதை ஆதரித்தேன். இன்று அவ்வளவு உறுதியாக இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசமைப்பு அவையில் இத்தொடரைக் கிரேக்க வரலாற்றாசிரியர் குரோட்டிடமிருந்து எடுத்தாண்டார். அங்கு அதன் பொருள் அரசமைப்பின் வடிவங்களையும் நடைமுறைகளையும் மதித்து நடக்கும் பழக்கம். அது தானே வருவதன்று, வளர்க்கப்பட வேண்டியது என்றார். இப்பொருளுக்கு 'ஒழுக்கம்' மிகப் பொருந்தும். 2009-க்குப் பிந்தைய தீர்ப்புகளிலோ அத்தொடர் பெரும்பான்மையினரின் ஒழுக்க உணர்வுக்கு எதிராக நிறுத்தப்படும் மதிப்பீடுகளின் தொகுதியாகிவிட்டது. சமூக ஒழுக்கம், அரசமைப்பு ஒழுக்கம் என இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், இரண்டு வழக்கங்களில் ஒன்றை நீதிபதிகள் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்ததுபோல் தோன்றும். இங்கு 'அறம்' தேவைப்படுகிறது. ஓர் ஆங்கிலத் தொடருக்கு எங்கும் ஒரே தமிழ்த் தொடர் வேண்டும் என்னும் கலைச்சொல்லாக்க விதி இவ்விடத்தில் தளர்வது நல்லது.

சமய மொழியிலிருந்து சட்டம் விடுபட்டுத் தன் சொந்தச் சொற்களைத் தேடிக்கொண்டதற்குத் தமிழகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சடங்கும் புரோகிதருமின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் கூறியது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் வழக்கமான சடங்குகளையே வேண்டியது. ஏழடி நடத்தல் அச்சடங்குகளில் அடங்குமாயின் ஏழாவது அடியில்தான் திருமணம் நிறைவுறும். 1967-இல் அண்ணாதுரை அரசு கொணர்ந்த திருத்தம் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன் ஆங்கில வாசகத்தில் 'சுயமரியாதை', 'சீர்திருத்த' என்னும் தமிழ்ச் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே ஏறின. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தமக்கு விளங்கும் எம்மொழியிலும் ஒருவரையொருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாகக் கூறினால் போதும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலியும் கட்டலாம். ஆஸ்டின் விளக்கிய செயற்கூற்றுக்கு இதனினும் நல்ல சட்டச் சான்று உண்டா? தமக்கு விளங்கும் மொழியில் என்ற நிபந்தனையில்தான் உயிர் இருக்கிறது. மணமக்கள் பொருளறியாத மந்திரத்துக்குப் பதிலாக அவர்களே சொல்லி, அவர்களே பொறுப்பேற்கும் வாக்கியம். இப்பிரிவு நம்பிக்கையுள்ளவரின் சடங்கை விலக்கவுமில்லை. 7ஆம் பிரிவு அருகிலேயே இருக்கிறது. 2001-இல் நாகலிங்கம் வழக்கில் இவ்வகைத் திருமணத்துக்கு ஏழடி இன்றியமையாதது அன்று என உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

'இன்றியமையாதது' என்றதும் இன்னொரு சொல்லாட்சி பற்றிக் கூறியாக வேண்டும். 1948 டிசம்பர் 2 அன்று அம்பேத்கர் அரசமைப்பு அவையில் பேசுகையில், சமயத்தின் பாதுகாப்பு தம் இயல்பிலேயே சமயஞ் சார்ந்த செயல்களுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அவர் கையாண்டது 'எசென்ஷியலி' என்னும் வினையடை. அது 'சமயஞ் சார்ந்த' என்பதைத் தழுவியது. சொத்துரிமை, மரபுரிமை போன்றவை சமயப் போர்வையில் தப்பக்கூடாது என்பதே அவர் நோக்கம். 1954-இல் சென்னை மாநிலத்திலிருந்து சென்ற சிரூர் மட வழக்கிலும் அதற்குப் பிந்தைய தீர்ப்புகளிலும் அவ்வினையடை மெல்ல மெல்லப் பெயரடையாயிற்று: சமயத்துக்கு 'எசென்ஷியல்' ஆன செயல். கேள்வி மாறிவிட்டது. இது சமயச் செயலா, உலகியற் செயலா என்று கேட்க வேண்டிய நீதிமன்றம், இச்செயல் அச்சமயத்துக்கு எவ்வளவு முக்கியம் எனக் கேட்கத் தொடங்கியது. நீதிபதி உரையாசிரியரானார். சபரிமலை வழக்கின் 2018 தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இம்மாற்றத்தைச் சுட்டினார். சீராய்வின்போது எழுந்த இத்தகைய வினாக்களை 2019 நவம்பரில் பெரிய அமர்வுக்கு நீதிமன்றம் அனுப்பியது.

2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் வெளியிடப்படுகின்றன. கணினியின் துணையும் அதற்குண்டு. மேற்கண்ட இரு தொடர்களையும் 'அடிப்படையான சமயச் செயல்' எனப் பெயர்க்கக் கணினிக்கும் தோன்றும், களைத்த மொழிபெயர்ப்பாளருக்கும் தோன்றும். அப்படிப் பெயர்த்தால் எழுபதாண்டு வழக்காற்றின் மையச் சிக்கல் தமிழில் இல்லாமற் போகும். முன்னதை 'இயல்பிலேயே சமயஞ் சார்ந்த செயல்' என்றும், பின்னதைச் 'சமயத்துக்கு இன்றியமையாத செயல்' என்றும் வேறுபடுத்தி எழுதலாம். முதலாவது வரும் இடங்களில் வினையடையின் தழுவுமிடத்தைக் காட்டும் ஓர் அடிக்குறிப்பும் சேர்க்கலாம்.